கோட்டு பொங்கிய சோறு

“என் கோட்டு சோறு பொங்கும்” என்றார் மிக்காயேல், ஞாயிற்றுக்கிழமை காலையில்.

ஜோசெத் தலையில் அடித்துக்கொண்டாள். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த நாள் முதல் அவள் புருஷனுக்குச் சிக்கனப் பேய் பிடித்திருந்தது. புதுச்சேரி விலைவாசி தாங்கவில்லையாம். சுவருக்கே வேர்த்தால்தான் மின்விசிறியைப் போடுவார். அந்த வீட்டு டீத்தூள் ஏழு நாள் கொதித்து, தான் தேயிலை என்பதையே மறந்திருக்கும். இப்போது கேஸ் சிலிண்டரிடம் வந்திருக்கிறார்.

“நல்லா ஒரு கொதி வரட்டும். அடுப்பை அணைச்சிட்டு, பானையைக் கோட்டுல சுத்தி வச்சிட்டுப் பூசைக்குப் போவோம். வந்தா சோறு ரெடி.”

“வேகலைன்னா?”

“நாளைக்கே உனக்கு வாஷிங் மெஷின்!”

இரண்டு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு, துணி பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வீங்கியவள் அவள். “வெந்துட்டா இனிமே அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன், போங்க” என்று சொல்லிவிட்டாள்.

ஆல்ப்ஸ் மலைப் பனிக்கே வியர்வை வரவழைத்த கம்பளிக் கோட்டு அது. பானைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டு, கட்டிலில் உட்கார வைத்தார் மிக்காயேல். கோயிலில் எல்லோரும் உலக சமாதானத்துக்கு வேண்டிக்கொள்ள, ஜோசெத் மட்டும் அரிசி வேகக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு பருக்கையை நசுக்கினாள். கரண்டியால் அடியிலிருந்து கிளறி இன்னொன்றையும் நசுக்கினாள்.

“என்னம்மா, வேகலையா?” மிக்காயேலின் வாயெல்லாம் பல்.

சற்றுமுன் கோயிலில் நற்கருணை வாங்கிய நாக்குக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“வெந்துதான் இருக்கு” என்றாள் ஜோசெத், பல்லைக் கடித்துக்கொண்டு.