ரெடிக்குப் பின்னால் வந்த வரி

1

‘இப்போது சிரித்தால் வேலை போய்விடும்.’

அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, நினைத்தாள். (எனக்கு எப்படித் தெரியும்? அவள் என் தங்கை. சாப்பிடும்போது சொன்னாள், சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் புரையேறியது. கதை அங்கே பிறந்தது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில், அவள் மனத்திலும்…’

வேண்டாம். அன்று மழையே இல்லை.

பிறந்த குழந்தைகளை நிறுக்கும் தராசு ஒன்றுக்கு அவள் சி மொழியில் நிரல் எழுதியிருந்தாள். தனியாகச் செய்த முதல் கருவி. மூன்று மணிக்கு மருத்துவமனை நர்ஸ் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடிக்காவிட்டால் தராசு அலமாரிக்குப் போய்விடும். அதை இயக்கியதும் சீரியல் கேபிள் வழியாகத் திரைக்கு ‘ரெடி’ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள் வர வேண்டும். இரண்டரை மணிக்கு வந்தது இது:

ரெடிமேனேஜர் தூங்குறார்

3

மேனேஜர் அவள் பின்னால்தான் நின்றிருந்தார்.

“யாரும்மா தூங்குறது?”

“சார்… டெஸ்டுக்கு எழுதின வரி. போன மாசம்.”

“போன மாசம் தூங்கினேனா?”

“மீட்டிங்ல, சார். கொஞ்சமாத்தான்.”

(இவரைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. முதலில் சிரித்தவரே அவர்தான்.)

“சரி, அந்த வரியை அழிச்சிடு. திரை சுத்தமாயிடும்ல?”

ஆகிவிடும். ஆனால் கருவி ஏன் ‘ரெடி’யோடு நிற்கவில்லை? நாளை ஒரு குழந்தையின் எடைக்குப் பின்னால் வேறொரு எண் இப்படி ஒட்டிக்கொண்டால்?

4

சி மொழியில், சொல் முடிந்தது என்பதை அதன் கடைசியில் வைக்கும் ஒரு பூஜ்யம்தான் சொல்லும். ஐந்து எழுத்துக்கு அவள் ஐந்தே இடம் ஒதுக்கியிருந்தாள். பூஜ்யத்துக்கு இடமில்லை. நிற்கத் தெரியாத கருவி, நினைவகத்தில் பக்கத்தில் கிடந்த கேலியையும் சேர்த்து அனுப்பிவிட்டது. (நானும் கதைகளில் இப்படித்தான்… விடுங்கள். தங்கை படிப்பாள்.)

ஐந்தை ஆறாக்கினாள். எடை எழுதும் இடங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். இரண்டு ஐம்பத்தைந்து. ‘ரெடி’. வெறும் ரெடி! நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

5

இங்கே இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவள் அழுகிறாள்; கிழித்துவிட்டேன். இன்னொன்றில் கைதட்டல், அதுவும் நடக்கவில்லை. வந்த நர்ஸ் தன் டிபன் பாக்ஸைத் தராசில் வைத்தார், எடையைப் பார்த்தார், “எப்ப குடுப்பீங்க?” என்றார். அவ்வளவுதான்.

அவர் போனதும் மேனேஜர் திரும்பி வந்தார்.

“இப்பவாவது அதை அழிச்சிடும்மா.”

அந்த வரி இன்னும் அதே இடத்தில், யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அவள் கேபிளைச் சுருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

“இருக்கட்டும் சார். மறுபடி ஏதாவது நிக்காம எல்லை தாண்டினா, நீங்க தூங்குறதுதான் காட்டிக்குடுக்கும்.”