சிவப்பு அம்பு

சட்டை மேசைக்கு வந்ததும் மாயக்காள் கண்ணை நம்புவதில்லை. இடது கையை உள்ளே நுழைத்து, வலது கையின் நடு மூன்று விரல்களால் தையலோரமாகத் தடவிக்கொண்டே போவாள். விரல் நுனியால் அல்ல, அதற்குக் கீழே இருக்கும் சதையால். நூல் முடிச்சு அங்கேதான் தட்டும். தட்டிய இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினால், சட்டை தைத்தவளிடமே திரும்பிப் போகும். வில்லாபுரத்துக் கம்பெனியில் பதினோரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை.

மார்பைத் தானே சோதிப்பது எப்படி என்று போன வாரம் விளக்கிச் சொல்ல வந்த நர்ஸும் அதே மூன்று விரல்களைத்தான் காட்டினாள். சின்னச் சின்ன வட்டமாக, முதலில் மெதுவாக, பிறகு அழுத்தி, அக்குள் வரைக்கும். அன்று குளிக்கும்போது மாயக்காளின் விரல் இடது மார்பின் ஓரத்தில் நின்றது. புளியங்கொட்டை அளவு. வலியில்லை. நகரவுமில்லை.

இன்று பரிசோதனை வேன் கம்பெனி வாசலில் நின்றது. சாப்பாட்டு நேரம் முப்பது நிமிடம். ஒருத்திக்கு நான்கு நிமிடம். சீட்டில் ‘கட்டி இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ போட்டவர்களுக்கு முதலிடம். அப்படிப் போட்டவர் எவருமில்லை. சீட்டுகளை வாங்கி, ஒவ்வொன்றாக வாசித்து, ஃபைலில் வைத்தவன் சூப்பர்வைசர் சிவக்குமார்.

மாயக்காள் வரிசையில் ஒன்பதாவதாக நின்றாள்.

“என்னக்கா, இம்புட்டு வேர்க்குது?” பின்னால் நின்ற ஷரீபா கேட்டாள். பக்கத்து மேசையில் பிசிறு வெட்டுபவள். “ஊசியெல்லாம் போட மாட்டாக. பயந்தா பிஸ்கட் குடுப்பாக.”

மாயக்காள் சிரிக்கவில்லை. “எனக்கு இருக்குடி.”

“யா அல்லா! சீட்டுல போட்டியா?”

“எப்படிப் போட? அந்தாளுல்ல வாசிக்கிறாரு. முத்துத்தாய் கர்ப்பப்பை ஆபரேசன்னு லீவு கேட்டா. மறுநாளே அவ மிசின்ல வேற ஆளு.”

ஏழாவது பெண் வேனிலிருந்து இறங்கும்போது மணி அடித்தது.

“போதும், உள்ள வாங்க,” என்றான் சிவக்குமார். “மிச்சம் எல்லாம் ‘இல்லை’தானே?”

வரிசை கலைந்தது. வேனின் கதவை நர்ஸ் பாதி சாத்திவிட்டாள். ஷரீபா மாயக்காளின் முதுகில் கை வைத்தாள், தள்ளவில்லை.

“எனக்குப் பாக்கணும்,” என்றாள் மாயக்காள்.

சிவக்குமார் ஃபைலைப் புரட்டினான். “இல்லைன்னு நீங்கதானக்கா போட்டிருக்கீங்க?”

“பொய்யாப் போட்டேண்ணே.”

நர்ஸ் கதவைத் திறந்தாள்.

நான்கு நிமிடம் ஆகவில்லை. பத்து நிமிடம் ஆனது. “பயப்படாதீங்க, எல்லாக் கட்டியும் புத்துநோய் இல்ல. ஆனா நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஸ்கேன் எடுத்துருங்க. தள்ளிப் போடக் கூடாது,” என்று நர்ஸ் ஒரு தாள் கொடுத்தாள்.

மாயக்காள் அதை நான்காக மடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் ஸ்டூலில், அதுவரை பேக்கிங் பிரிவில் இருந்த பாண்டீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“எல்லாம் முடிச்சு, நல்லாகி வாங்கக்கா. அப்பப் பாப்போம்,” என்றான் சிவக்குமார்.

மேசையில், சாப்பாட்டுக்குப் போகுமுன் அவள் அம்பு ஒட்டிவைத்த சட்டை கிடந்தது. சிவக்குமார் அதை எடுத்துக்கொண்டு போய்த் தைத்தவளிடம் கொடுத்தான்.

“பாத்துப் பிரிச்சுத் தைம்மா. நல்ல துணி, வீணாயிரக் கூடாது.”