கோங்கு மரமேறிய பூட்ஸ்

பாபநாசத்து மலைக்காட்டில் மரம் வெட்டுகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. உச்சிக்கு ஏறிக் கிளை கழித்து வடம் கட்டுகிறவன் எவனோ, அவன் மேலிருந்து வெட்டச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அடிமரத்தில் கோடாலி படக்கூடாது. மேஸ்திரியே ஆனாலும் வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து நிற்க வேண்டியதுதான். பல வருஷமாய் அந்த உத்தரவைப் போட்டு வந்தவன் முத்துமாலை. அவன் போடுகிற தோரணையைப் பார்த்தால், மலையை அவன் பேருக்கே பட்டா எழுதிக் கொடுத்துவிட்டார்களோ என்று தோன்றும்.

போன ஐப்பசி மழையில் பாசி பிடித்த கிளையில் வழுக்கி அவனுடைய இடது கரண்டைக்கால் பிசகிக்கொண்டது. பற்றுப் போட்டு வீக்கம் வடிந்தது. ஆனால் பாரம் விழுந்தால் கால் பக்கவாட்டில் மடங்கிவிடும். மேஸ்திரி வன்னியராஜ் அதிகம் பேசுகிறவரில்லை. மாரிக்கண்ணு என்பவனை மேலே ஏற்றிவிட்டு, முத்துமாலையைக் கீழே சுள்ளி ஒதுக்கச் சொல்லிவிட்டார். மாரிக்கண்ணு நல்ல ஆள், ஏறவும் தெரிந்தவன். முத்துமாலைக்குப் பொறுக்காமல் போனதே அதுதான்.

பூட்ஸ் யோசனையைச் சொன்னது அவன் பெண்டாட்டி பேச்சித்தாய். மலையளக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கரண்டைக்கு மேல் வரைக்கும் தோலை இழுத்துக் கட்டியிருந்ததை அவள் பார்த்திருந்தாள். துணியால் கட்டுகிற கட்டைத் தோலால் கட்டினால் என்ன என்று கேட்டாள். வெறுங்காலால் ஏறிய பரம்பரை நான் என்று முத்துமாலை இரண்டு நாள் முறைத்துக்கொண்டு கிடந்தான். மூன்றாம் நாள், தானே கண்டுபிடித்தவனைப் போல அதே யோசனையை அவளிடம் திருப்பிச் சொன்னான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நல்ல யோசனைதான் என்றாள். அம்பாசமுத்திரத்தில் ரயிலேறி இருவரும் பாளையங்கோட்டைக்குப் போனார்கள்.

அங்கே சத்தியநேசன் கடை. போலீசுக்கும் மிஷன் துரைகளுக்கும் பூட்ஸ் தைக்கிறவர் அவர். கடை வாசலில் ஒரு வாகை மரம். முத்துமாலை போலீஸ் பூட்ஸை மாட்டினான்; இரண்டடி நடந்து பார்க்கிற வழக்கமெல்லாம் அவனுக்கு எங்கே தெரியும்? நேரே வாகை மரத்தில் ஏறினான். தடித்த அடித்தோல் பட்டையில் பிடிக்காமல் சறுக்கி, ஏறிய வேகத்தில் இறங்கி வந்தான். அடுத்து வக்கீல்கள் போடும் தாழ்ந்த ஜோடு. அது பாதியிலேயே குதியை விட்டுக் கழன்று தனியாகக் கீழே வந்தது. ரஸ்தாவில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். பேச்சித்தாய் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

சத்தியநேசன் சிரிக்கவில்லை. அவனை வெயில் சாயும் மட்டும் ஊரைச் சுற்றிவிட்டு வரச் சொன்னார்; நடந்து வீங்கிய காலுக்குத்தான் அளவெடுக்க வேண்டும் என்றார். மரமேறிய பாதம் விசிறி மாதிரி விரிந்து கிடந்தது. அதனால் விரல்கள் பரவ முன்பக்கம் அகலமாக, கரண்டைக்கு மேல் வரை வாரிழுத்துக் கட்டும்படி, பட்டையின் மேடு பள்ளம் பாதத்துக்குத் தெரிகிற மெல்லிய அடித்தோலில் தைத்துத் தருவதாகப் பேச்சு. எல்லாம் சரி. கடைசியில்தான் முத்துமாலைக்கு ஆசை வந்தது. நடந்தால் கிறீச் கிறீச்சென்று சத்தம் வர வேண்டுமாம். அந்தக் காலத்துப் பெரிய மனுஷன் வருகிறான் என்றால் ஜோட்டுச் சத்தம் முன்னால் வரும். ஊர் முன்சீப் வருவது அடுத்த தெருவுக்கே கேட்கும்.

"மரமேறுத ஆளுக்குச் சத்தம் எதுக்குவே?" என்றார் சத்தியநேசன்.

"போட்டது பூட்ஸுன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா அண்ணாச்சி?"

கேட்பவன் கேட்டால் கொடுப்பதுதான் வியாபாரம். அடித்தோலின் இரண்டு அடுக்குக்கும் நடுவே, மிதித்தால் உரசிக் கிறீச்சிடும்படி, காய்ந்த தோல்துண்டு ஒன்றை வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார்.

பூட்ஸ் வந்து சேர்ந்த மறுவாரம் காரையாற்றுப் பக்கம் ஒரு பெரிய கோங்கு விழ வேண்டியிருந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இடமும் வலமுமாக இரண்டு கவையாகப் பிரிந்த மரம். முத்துமாலை கிறீச்சிட்டுக்கொண்டு மேஸ்திரி முன்னால் போய் நின்று, இன்றைக்கு நான் ஏறுகிறேன் என்றான். கால் மடங்கினால் மறுபடி கேட்கக் கூடாது என்றார் வன்னியராஜ். அவன் ஒப்புக்கொண்டான். இன்றோடு ஒன்று மரம், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் சுள்ளி.

ஏறினான். கால் மடங்கவில்லை, யாரோ கரண்டையைக் கையால் பிடித்துக்கொண்டிருப்பது போல நின்றது. அவனுக்கு அப்படி ஒரு பெருமை. அடிக்கு அடி கிறீச் கிறீச்சென்றது. கீழே நின்றவர்கள், முன்சீப் மரமேறுகிறார் என்று சொல்லிச் சிரித்தார்கள். இடது கவையில் வடத்தை முடிந்துவிட்டு, அங்கேயே நின்று மீதிக் கிளைகளைக் கழித்தான். கிறீச். அரிவாளை ஓங்கினான். கிறீச். மேலே நகர்ந்தான். கிறீச்.

"ஏலே, அது ஒன் பூட்ஸா, மரமா?" என்று கீழேயிருந்து வன்னியராஜ் கேட்டார். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள்.

முத்துமாலைக்குச் சிரிப்பு வரவில்லை. மரம் பிளக்கும் முன்னால் பேசும். அதைக் காதால் கேட்டுத்தான் மேலே இருப்பவன் பிழைக்கிறான். காலையிலிருந்து அவன் காதில் தன் பூட்ஸ் சத்தத்தைத் தவிர வேறெதுவும் விழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றான். சத்தம் நிற்கவில்லை.

"ஓடுங்கலே, கவை பிளக்குது!"

கத்திக்கொண்டே வலது கவைக்குத் தாவினான். தாவிய உடம்பு முழுவதும் இடது காலில் போய் விழுந்தது. தோல் இறுகிப் பிடித்தது, கால் நின்றது. இடது கவை பட்டையை உரித்துக்கொண்டு சரிந்து, வடத்தின் மறுமுனையைப் பிடித்து ஆட்கள் நின்றிருந்த இடத்தில் விழுந்து மண்ணைக் கிளப்பியது. ஆட்கள் எல்லோரும் பாறைக்குப் பின்னால் இருந்தார்கள். ஒருவர் குறையவில்லை.

முத்துமாலை இறங்கி வந்தான். ஒருவன் முதுகில் தட்ட வந்தான், அவன் ஒதுங்கிக்கொண்டான். தன் வீம்புக்கு நாலு பேரைக் காவு கொடுக்கப் பார்த்தோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. வேரில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். ரம்பத்துக்குப் போடும் வேப்பெண்ணெயை வாங்கி, தையல் வழியாக அடித்தோலுக்குள் ஊற்றினான். ஊறியதும் மறுபடி ஊற்றினான். ஆசை ஆசையாய்க் கேட்டு வாங்கிய சத்தம் அங்கேயே செத்தது. பூட்ஸ் நாறியது.

மீதி மரத்துக்கு மாரிக்கண்ணு ஏறட்டுமா என்று வன்னியராஜ் கேட்டார். வேண்டாம், நானே ஏறுகிறேன் என்று முத்துமாலை வாரை இழுத்துக் கட்டினான்.

இம்முறை அவன் ஏறுவது யாருக்கும் கேட்கவில்லை. காற்றும் இல்லை, காடு அமைதியாக இருந்தது. உச்சியில் அவன் கால் மாற்றிக் கால் மாற்றி மிதித்துப் புது வடத்தை முடிந்துகொண்டிருக்கும்போது, கீழே மேஸ்திரி மாரிக்கண்ணுவின் பக்கம் சாய்ந்தார். இத்தனை வருஷத்தில் ஒருத்தனை நல்லவன் என்று வாய்விட்டுச் சொல்லாத மனுஷன், மேலே இருப்பவனுக்கு எட்டக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாத்துக்கோலே. இந்த மலையில மரமேறுதவன்னா இவன்தான். நாமெல்லாம் இவனுக்குப் பொறவுதான்."

மேலே முத்துமாலையின் கை முடிச்சிலேயே நின்றது. ஒரு சொல் விடாமல் கேட்டது. காலையில் போட்ட சத்தத்தைப் பூட்ஸ் இப்போதும் போட்டிருந்தால், கேட்டிருக்காது.