ஒரு மருந்தா, இரண்டா

செமி துய்லாவுவின் நுரையீரலில் வளர்ந்த கிருமிக்கு ஒன்பது மருந்துகளைச் சோதித்தோம். எட்டு தோற்றன. மிஞ்சியது கொலிஸ்டின் என்ற பழைய மருந்து. அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சுவாவில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் ஆராய்ச்சி நர்ஸ். கொலிஸ்டினைத் தனியாகக் கொடுத்தால் அதிகம் பேர் பிழைக்கிறார்களா, இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தாலா என்று ஆறு மாதமாகப் பார்த்துவந்தோம். யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லும்.

செமி நவுசோரியில் பஸ் ஓட்டுபவர். குடல் ஆபரேஷனுக்குப் பிறகு செயற்கை சுவாசத்தில் கிடந்தார். அவர் மனைவி உனைசியிடம் சம்மதம் கேட்டேன்.

"ஒண்ணைவிட ரெண்டு நல்லதுதானே சிஸ்டர்? ரெண்டையும் போடுங்க."

"அப்படித்தான் தோணும். ரெண்டாவது மருந்தால லாபமா, தொந்தரவான்னு இன்னும் தெரியலம்மா. ஆராய்ச்சில சேர வேண்டாம்னாலும் சரி, டாக்டர் வழக்கம்போல பார்த்துப்பாங்க."

கூட வந்திருந்த செமியின் மச்சான் ஜொசையா குறுக்கே புகுந்தான். "இவன் ஒரு பஸ்ஸையே ஒழுங்கா ஓட்டமாட்டான். ஒரு மருந்தே ஜாஸ்தி." மச்சான்களுக்குக் கேலி செய்ய உரிமை உண்டு. ஆனால் சம்மதப் படிவத்தை முதலில் வாங்கி இரண்டுமுறை படித்தவன் அவன்தான்.

உனைசி கையெழுத்துப் போட்டாள். கணினி, தனி மருந்து என்றது.

"உங்க வீட்டுக்காரரா இருந்தா எதைப் போடுவீங்க சிஸ்டர்?" என்றாள்.

"அப்பவும் எனக்குத் தெரியாதும்மா."

பக்கத்துக் கட்டிலில் நரேந்திர பிரசாத், ஓய்வுபெற்ற ஆசிரியர். அதே கிருமி. குலுக்கலில் அவருக்கு இரண்டு மருந்துகள் விழுந்திருந்தன. உனைசி வரும்போதெல்லாம் அவருக்கு மேலே தொங்கிய பைகளை எண்ணிவிட்டுத்தான் கணவனைப் பார்ப்பாள்.

மூன்றாம் நாள் செமிக்குக் காய்ச்சல் ஏறியது, சிறுநீர் குறைந்தது. டாக்டர் அலுமிதாவைப் பிடித்தேன்.

"ரெண்டாவது மருந்தையும் சேர்த்துடலாமா டாக்டர்?"

"பிரஷர் விழுந்தா நானே சேர்ப்பேன். ஆராய்ச்சிக்காக யாரையும் சாகவிட மாட்டேன். ஆனா பயத்துல சேர்க்கமாட்டேன். சாயங்காலம் வரை பாப்போம்."

கால்மணிக்கு ஒருமுறை பிரஷர் பார்த்தேன். தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றிரண்டு. மறுபடி தொண்ணூற்றிரண்டு. அந்த இரண்டாவது பையை நானே மாட்டிவிட மாட்டேனா என்று கை பரபரத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உனைசி அசையாமல் நின்றாள். ஐந்து மணிக்குத் தொண்ணூற்றெட்டு. அதற்குப் பிறகு அது இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆறாம் நாள் காலை பிரசாத் இறந்துபோனார். அவர் மகள் கைப்பையில் அவருடைய மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொண்டு போனாள். பத்தாம் நாள் செமியின் தொண்டைக்குழாயை எடுத்தோம். சிறுநீரகத்துக்காக இரண்டு வாரம் டயாலிசிஸ் செய்யவேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் மதியம், தாழ்வாரத்தில் உனைசியின் குரல் கேட்டது. மகனைப் புதிதாகச் சேர்த்திருந்த ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு போதும்னு சொல்லிடு அக்கா. ரெண்டு போட்டவர் போயிட்டார். என் கண்ணால பார்த்தேன்."

அந்தப் பெண் கையில் நான் கொடுத்திருந்த சம்மதப் படிவம் இருந்தது. மடித்துக்கொண்டிருந்தாள்.

நான் இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். "உனைசி, ரெண்டு பேரை வச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா."

"என் ஆளு பிழைச்சானே சிஸ்டர்."

"பிழைச்சாரு. அது எதனாலன்னு எனக்கு இன்னும் தெரியாது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அந்தப் பெண்ணிடம் மகனின் பெயரைக் கேட்டுவிட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.