பிரவீனா வரைந்த பொட்டு

பிரவீனா கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்பவள். காஞ்சிபுரத்தில் பன்னிரண்டு வருடமாக இதுதான் அவள் தொழில். பொட்டு விஷயத்தில் பெண்களின் மனம் மாறும் வேகம் அவளுக்கு அத்துப்படி. ஒரு வருடம் பாம்பு மாதிரி நெளிந்த பொட்டு கேட்டார்கள். அப்புறம் கல் வைத்தது. அப்புறம் பொட்டே தெரியக்கூடாது, கடுகளவு போதும் என்றார்கள். இப்போது பழையபடி பெரிய வட்டம், அதுவும் கையால் வரைந்தது வேண்டுமாம். எந்த நடிகை வைத்துக்கொண்டு வந்தாளோ என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே கேட்டதை வரைந்துவிடுவாள்.

அகிலா கேட்டதும் அந்த வட்டப் பொட்டுதான். பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண். அவள் கட்டியிருந்த அரக்குச் சேலை அவள் அப்பா தன் தறியிலேயே நெய்தது. ஏழரைக்கு முகூர்த்தம். ஐந்து மணிக்கே மண்டபத்துக்கு வந்த பிரவீனா, இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாக மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் பொட்டை வரைந்தாள். சேலையின் அரக்கு நிறத்திலேயே வட்டம், அதன்மேல் சந்தனத்தில் மூன்று புள்ளி.

"செமயா இருக்குதுக்கா," என்று அகிலா கண்ணாடி முன்னால் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா தையல்நாயகி உள்ளே வந்தாள். தனக்கும் புருவம் எழுதிவிடச் சொன்னாள். பிரவீனா எழுதினாள். கன்னத்துக்கும் ஏதாவது பூசச் சொன்னாள். பூசினாள். கன்னத்தை வாகாக நீட்டிக்கொண்டே தையல்நாயகி கேட்டாள்.

"எந்த ஊரும்மா நீ?"

"தாமல்மா."

"தாமல்ல எந்தப் பக்கம்?"

தெருவைக் கேட்பவர்கள் யாரும் கடிதம் போடுவதற்காகக் கேட்பதில்லை என்று பிரவீனாவுக்குத் தெரியும்.

"காலனிமா."

தையல்நாயகி கன்னத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதற்குள் இரண்டு கன்னமும் பூசி முடிந்திருந்தது. கொஞ்ச நேரம் அகிலாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொட்டு மட்டும் நான் வெச்சிடறேன்மா. எங்கள்ல சுமங்கலிங்கதான் வெக்கணும்."

"நானும் சுமங்கலிதான்மா."

"அதுக்கில்ல. சாமி காரியம். எங்க வழக்கம்னு ஒண்ணு இருக்குது பாரு. தப்பா எடுத்துக்காத."

இரண்டு மணி நேரமாக இந்தக் கைதான் அந்தப் பெண்ணின் இமையைத் தொட்டது, உதட்டைத் தொட்டது, கழுத்தில் நகையைப் பூட்டியது. அதற்கெல்லாம் வழக்கம் ஒன்றும் குறுக்கே வரவில்லை. நெற்றியில் சுண்டைக்காய் அளவு இடத்துக்கு மட்டும் வந்துவிட்டது. பிரவீனா அகிலாவைப் பார்த்தாள். செமயா இருக்குது என்றவள், இப்போது போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்நாயகி துண்டை நனைத்துப் பொட்டைத் துடைத்தாள். அழுத்தித் துடைத்ததில் மேலே பூசியிருந்ததெல்லாம் வழண்டு வந்தது. கோயில் குங்குமத்தை எடுத்துக் கட்டைவிரலால் அப்பினாள். ஈரத்தில் அது கரைந்து மூக்கு வரை கோடாக இறங்கியது.

போட்டோகிராபர் விக்னேஷ் எட்டிப் பார்த்தான். "மேடம், இப்படியே எடுத்தா நெத்தி ரெண்டு கலர்ல விழும். இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல," என்றாள் தையல்நாயகி. பிறகு பிரவீனாவிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கொஞ்சம் சரி பண்ணிடுமா. ஐயர் கூப்பிட்டுக்கினு இருக்காரு."

பிரவீனா தன் பெட்டிக்குள் பிரஷ்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சரி பண்ணணும்னா குங்குமத்தத் தொடைக்கணும்மா. நான் வெச்சா ஆவாதுன்னீங்க. நான் தொடைச்சா மட்டும் ஆவுமா?"

"ஐய, அதப்போய் மனசுல வெச்சிக்கினு..."

"வழக்கம்னீங்களே. ஆமா, உங்க நெத்தியில மினுக்குதே ஸ்டிக்கர், அத ஒட்டி அட்டையில வெச்சவ எந்தத் தெருவுன்னு விசாரிச்சிட்டுத்தான் வாங்கனீங்களா?"

தையல்நாயகியின் கை தானாக நெற்றிக்குப் போனது. அங்கே இருந்த கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டை ஒருமுறை தொட்டுவிட்டு இறங்கியது. அகிலா அழுகிற குரலில், "அக்கா, ப்ளீஸ்க்கா," என்றாள். பிரவீனா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மாளிடமாவது பேச ஒரு வாய் இருந்தது. இவளிடம் அதுவும் இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மத்தியானம் அகிலாவிடமிருந்து செய்தி வந்தது. "சாரிக்கா. என்னால ஒண்ணும் சொல்ல முடியல. சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வாங்கக்கா. பின்பக்கமா வந்துடுங்க, அத்தைக்குத் தெரியாது."

பிரவீனா இரண்டு முறை படித்தாள். வருத்தப்படுவதுகூடப் பின்பக்கமாகத்தான். "உங்க அத்தையவே வரையச் சொல்லு" என்று பதில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். பசி நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு யார் போன் செய்தாலும் தேதி கேட்பதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுகிறாள். தான் எந்த ஊர், எந்தப் பக்கம், பொட்டையும் தான்தான் வரைவாள் என்று. வாலாஜாபாத்திலிருந்து ஒருத்தி யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்க வேண்டாம் என்று பிரவீனாவே போனை வைத்துவிட்டாள். தென்னேரியிலிருந்து பேசிய பெண், "அதையெல்லாம் யாருக்கா கேட்டாங்க, பொட்டு எந்த சைஸ்ல வெப்பீங்க?" என்றாள். வெள்ளிக்கிழமை அவள் கல்யாணம்.