போடியாரின் குறியும் ஒரு சின்னப் பூட்டும்

அண்ணனுக்கும் புருசனுக்கும் நடுவில் பத்தொன்பது வருடம் நின்ற பெண்ணின் பாடு எப்படி இருக்கும்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. களுவாஞ்சிக்குடித் தையற்காரி சின்னத்தங்கத்தின் பாடு அதுதான்.

எல்லாம் ஒரு சோடி ரிவோல்வரால் வந்த வினை. அவளுடைய தகப்பன், பெரிய வயற்காரரான வினாயகமூர்த்திப் போடியார், ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் ஆசைப்பட்டு வாங்கியவை அவை. ஒரு காகத்தைக்கூடச் சுட்டதில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்ப்பதோடு சரி. மகளுக்குச் சீதனம் எழுதும்போது ஊர் வழக்கப்படி ‘வீடும் வீட்டுக்குள் உள்ள சகலமும் பெண்ணுக்கு’ என்று எழுதிவிட்டார்கள். அலுமாரிக்குள் ரிவோல்வர் கிடந்ததை ஒருவரும் யோசிக்கவில்லை. அண்ணன் கதிர்காமத்தம்பிக்கு அதில் மனத்தாங்கல். ஆனால் வாய் திறக்கவில்லை. அனுமதிப்பத்திரமும் தங்கச்சியின் பெயருக்கு மாறிற்று.

எண்பத்து நாலில் நாட்டில் சண்டை முற்ற, வீட்டில் ஆயுதம் இருந்தால் தலைக்கு வினை என்று அவள் புருசன் கோணாமலை இரண்டையும் பொலிசில் ஒப்படைத்தார். அண்ணனோ, “வித்துத் திண்டுபோட்டான், இல்லையெண்டா ரசீதக் காட்டட்டும்” என்றார். “என்ன நம்பாதவனுக்கு என்ன ரசீது?” என்று இவர் முறுக்கிக்கொண்டார். தொண்ணூறில் வீட்டோடு ரசீதும் எரிந்தது. அண்ணன் இந்தப் பக்கம் எட்டிப் பாராமல் தான் குடியிருந்த செங்கலடியோடு நின்றுகொண்டார். ஆண்பிள்ளைகளின் ரோசத்தை அவித்தால் ஒரு நேரச் சோற்றுக்குக் கறியாகுமா?

இப்போது இரண்டாயிரத்து மூன்று. நாட்டுச் சண்டை நின்றிருந்தது. மகளுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் வராத கல்யாணம் ஒரு கல்யாணமா? சின்னத்தங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நூலகத்தில் பழம்பொருள் கண்காட்சி வைத்தார்கள். ரிவோல்வர்களை அங்கே வைத்தால் அண்ணன் கண்ணாலேயே பார்ப்பாரே என்று அவள் பொலிசுக்குப் போய்க் கேட்டாள். பழைய பதிவேட்டில் அவள் பெயர் இருந்தது, பெட்டிக்குள் ரிவோல்வர்களும் இருந்தன. அவள் அங்கேயே அழுதுவிட்டாள். மூன்று நாள் காட்சிக்கு வைக்கலாம் என்று பொறுப்பதிகாரி எழுத்தில் அனுமதி தந்தார். குண்டு இருக்கக் கூடாது, விசையை இழுக்க முடியாதபடி பூட்ட வேண்டும், சாவி அவரிடம் இருக்கும், பூட்டு அவள் கொண்டுவர வேண்டும்.

நூலகத்தார் பொலிசுக்கே வந்து சைக்கிள் சங்கிலிப் பூட்டு ஒன்றை அதில் சுற்றிக் கட்டிப் பார்த்தார்கள். ரிவோல்வரைக் காணோம், சங்கிலிதான் தெரிந்தது. சின்னத்தங்கம் அதைக் கழற்றச் சொன்னாள். விசைக்குச் சற்று மேலேதான் தகப்பன் தங்கள் குடியின் மாட்டுக்குறியைப் பொறித்திருந்தார். பட்டி மாட்டுக்குச் சுடுகிற அதே குறி. அது மறைந்தால் அண்ணன், “ஆர்ர துவக்கோ” என்று முகத்தைத் திருப்பிக் கிறுகிப் போய்விடுவார்.

சட்டைக்கு அளவெடுக்கிறவள் அல்லவா? மண்ணிறத் தாளில் ரிவோல்வரை வரைந்து வெட்டி, குறி இருக்கும் இடத்தில் பேனையால் புள்ளியும் வைத்தாள். பூட்டு வாங்கக் காத்தான்குடிக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடிச் சிப்பாய்ப் பையன் பையைக் கிளறித் தாள் துவக்கைத் தூக்கினான். அவளுக்கு உயிர் போய் வந்தது. அவனோ அதைத் தன் நண்பனை நோக்கி நீட்டி, “டுமீல்!” என்று கத்திச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

அவள் ‘காக்கா’ என்று அண்ணன் முறையில் கூப்பிடும் பூட்டுக்கடை அப்துல் கபூர் ஒரு பெட்டியைக் கவிழ்த்தார்.

“மகன் கட்டார்ல இருந்து அனுப்பினவன். துவக்குப் பூட்ட மோட்டார் சைக்கிள் பூட்டெண்டு நினைச்சி வாங்கிட்டான். ரெண்டு வருசமா ஒருத்தரும் தொடல்ல.”

பெரிய பூட்டு தாளில் பாதியை மூடிற்று. குண்டறை வழியே கோர்க்கிற கம்பிப் பூட்டைப் போட்டால் ரிவோல்வர் வாய் பிளந்தபடி கிடக்கும். கடைசியாக ஒரு சின்னப் பூட்டு: இரண்டு துண்டு, உள்ளே றப்பர், விசை வளையத்தை இரு பக்கமும் கவ்விப் பூட்டுவது. புள்ளிக்கு ஒரு நூல் கீழே நின்றது.

“இதுதான் காக்கா! இதுல ரெண்டு தாங்க.”

“பொறு தங்கச்சி. வெறுந் துவக்குக்குத்தான் போடோணும், குண்டோட போடப்படா. பூட்டினதுக்குப் புறகு ஆட்டிப் பாரு. ஆடினா வேலயில்ல, கொண்டா, மாத்தித் தாறன்.”

பூட்டு ஆடவில்லை. அதிகாரி குண்டறைகளைத் திறந்து காட்டி, பூட்டி, சாவிகளைச் சட்டைப்பைக்குள் போட்டார். நூலகத்தில் கண்ணாடிப் பெட்டியும் மூடப்பட்டது. சின்னத்தங்கம் செங்கலடிக்கு ஆள் அனுப்பினாள்: ‘அப்பாட சாமான் நூலகத்துக்கு வந்திருக்கு.’

இரண்டாம் நாள் கதிர்காமத்தம்பி வந்தார். பெட்டியின் மறுபக்கம் கோணாமலை கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றார். அண்ணன் குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி குனிந்தார். கண்ணாடிக்கு மேலே அவர் விரல் அந்தக் குறியின் வளைவோடு மெல்லப் போனது.

“நம்மட குறி,” என்றார்.

பிறகு பூட்டைப் பார்த்தார்.

“தங்கச்சி, இது என்னகா?”

“விசைய இழுக்காம இருக்கப் போடுற பூட்டு, அண்ணன்.”

அவர் நிமிர்ந்து கோணாமலையை நேரே பார்த்தார்.

“மச்சான், இதுல ஒண்ட எண்பத்து நாலிலேயே என்ட வாயில போட்டிருக்கலாமே!”

கோணாமலை சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. “எனக்கும் ஒண்டு வேணும் மச்சான். ரசீதக் காட்டமாட்டன் எண்ட வாய் இது,” என்று கையை நீட்டினார். சின்னத்தங்கத்துக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நூலகமென்றும் பாராமல் விம்மி விம்மி அழுதாள்.

“அழாத புள்ள,” என்றார் அண்ணன். “கல்யாணம் எண்டைக்கு, அதச் சொல்லு.”