தேத்தண்ணிக்கு ஓராள் காணும்

கேதீஸ்வரன் சிட்னிப் பக்கம் கிரவீனில் கல்யாண வீடியோ எடுப்பவன். பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்தியவீடும் எடுப்பான். புற்றுநோய்க்காரரை அதுவரை எடுத்ததில்லை.

"கல்யாணம் மாதிரியே நினைச்சுக்குங்க" என்று சொல்லி அவனை இழுத்து வந்தவள் விஜயா. மலேசியாவிலிருந்து படிக்க வந்து சிட்னியிலேயே தங்கிவிட்ட நர்ஸ். டாக்டர்கள் கைவிரித்தவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் குழுவில் வேலை. குழுவிடம் மருந்து இருந்தது, ஊசி இருந்தது. நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்திருக்கத்தான் ஆளில்லை.

அப்படி ஒரு நோயாளியான சத்தியபாமாவுக்கு அதுதான் சிக்கல். கணவர் இரத்தினசிங்கத்துக்குப் பிஸ்கட் தொழிற்சாலையில் பின்னேர வேலை. அந்த நேரத்துக்கு யாரும் வராவிட்டால் சத்தியபாமா ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அவருக்கோ கடைசிவரை தன் வீட்டிலேயே இருக்க ஆசை. படம் எடுத்துத் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் போட்டுக் காட்டினால் நாலு பேர் மனமிரங்கி வரமாட்டார்களா என்று விஜயா நினைத்தாள்.

கேதீஸ்வரன் விளக்கைப் போட்டான். "அன்ரி, இஞ்ச பாருங்கோ. கொஞ்சம் சிரியுங்கோ... ஐயோ, பழக்கதோஷம். சிரியாதேங்கோ! சோகமா இருங்கோ."

"பொட்டு நேரா இருக்கோ?"

"சரிஞ்சுதான் கிடக்கு. விடுங்கோ அன்ரி, அப்பதான் பாவமாத் தெரியும்."

"சும்மா இரும்" என்று சத்தியபாமா கண்ணாடியை வாங்கிப் பொட்டை நேராக்கிக்கொண்டார்.

விஜயா குரலைக் குழைத்துக் கேட்டாள். "ரொம்ப வருத்தமா இருக்கா ஆன்ட்டி?"

சத்தியபாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வருத்தம் இல்லாட்டி நீர் ஏன் பிள்ளை கிழமைக்குக் கிழமை ஊசியோட வாறீர்?"

விஜயா விழித்தாள். கேதீஸ்வரன் சிரித்த சிரிப்பில் கேமரா ஆடியது. "எங்கட ஆக்களுக்கு வருத்தம் எண்டா நோய், சிஸ்டர். நீங்கள் கேக்கிறது கவலை."

"ஓ! அப்ப, கவலையா இருக்கா ஆன்ட்டி?"

"ஓம், இருக்கு."

விஜயா கைக்குட்டையை எடுத்தாள்.

"இந்த மனிசன் போடுற தேத்தண்ணியை நினைச்சுத்தான். கோப்பை கழுவின தண்ணி மாதிரி. அதைப் பிளாஸ்கில ஊத்தி வைச்சிட்டு வேலைக்குப் போயிடுவார். பின்னேரம் முழுக்க நானும் அதுவும்தான்."

மூலைக் கதிரையில் உட்கார்ந்திருந்த இரத்தினசிங்கம், "சீனி கூடாதெண்டு நீர்தானே சொன்னனீர்?" என்றார்.

"தேயிலையும் கூடாதெண்டோ சொன்னனான்?"

பிறகு சத்தியபாமா கேமராவை நேராகப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "ஊசி போட இந்தப் பிள்ளை வரும். தேத்தண்ணி போட்டுத் தந்து, பக்கத்தில இருந்து கதைக்க ஓராள் காணும், வேற ஒண்டும் வேண்டாம். எனக்கு முன்னால அழத் தேவையில்லை. அழுறதெண்டா உங்கட வீட்டில அழுதுபோட்டு வாங்கோ."

தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் படம் ஓடியபோது, அழுவதற்கென்றே வந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கடைசிப் பேச்சில் கப்பென்று அடங்கினார்கள். அந்த அமைதியில், கேதீஸ்வரன் தன் கல்யாண வீடியோ முடிவிலிருந்து வெட்ட மறந்த ரோஜா இதழ்கள் திரையில் பொலபொலவென்று கொட்ட, 'மணமக்கள் வாழ்க' என்று எழுத்து வந்தது. விஜயா தலையில் கைவைத்தாள்.

முன்வரிசையில் நாகலட்சுமி என்றொருத்தி எழுந்தாள். "எனக்கு நேர்ஸ் வேலை தெரியாதெண்டுதான் இவ்வளவு நாளும் பயந்தனான். தேத்தண்ணி எண்டா வாறன்." அவளுக்குப் பின்னால் மேலும் சிலர் எழுந்தார்கள்.

சத்தியபாமா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கோடை முடிகிற ஒரு பின்னேரம், நாகலட்சுமி கொடுத்த தேத்தண்ணியில் பாதியைக் குடித்துவிட்டு, "அவருக்கும் ஒரு கோப்பை மூடி வையும். பாவம், தான் போட்டதையே குடிச்சுக் குடிச்சு..." என்றார். அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

சேதி கேட்டு ஓடிவந்த இரத்தினசிங்கத்திடம் நாகலட்சுமி அந்தக் கோப்பையைக் கொடுத்தாள். குடித்தார். நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அழுதார்.